வாடகை மண்டபத்தின் தரை: நடன ஆசிரியை ஒருவர் மீண்டும் மாணவியாவது பற்றி

புலம்பெயர் நாடுகளில் பரதநாட்டியம் கற்பிப்பவர்களுள் பெரும்பாலானோருக்கு நடனம் முழுநேரத் தொழில் அன்று. வார நாள்களில் கணக்காளராகவோ மருந்தகத்திலோ பாடசாலை உதவியாசிரியராகவோ வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் தாளம் தட்டும் தட்டுக்கழியையும் சலங்கைப் பையையும் காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகிறவர்கள்தாம் அதிகம். வட இலங்கைச் சங்கீத சபையின் கலாவித்தகர் பட்டத்தையோ கலாக்ஷேத்திராவின் டிப்ளோமாவையோ ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் ஒருவர், அரங்கேற்றங்கள் பலவற்றை நடத்தி முடித்த பிறகு, எதற்காகப் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலைமாணிப் பட்டத்துக்குப் படிக்க வேண்டும்? லண்டனில் பகுதிநேரமாக அப்படிப் படித்து முடித்தவள் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. தொலைபேசியில் அவசரமாகச் சொல்லும் பதில் எனக்கே நிறைவு தருவதில்லை; ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

போகலாம் என்பதே என் பதில். ஆனால் அடையாளத்தைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். உழைப்பைப் பற்றிப் படிக்கப் போங்கள். புலம்பெயர் நடனம் என்ற துறைக்குள் நுழையும் நம்மவர் எல்லோருக்கும் முதலில் கைக்கு வருவது இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் நிற்கும் பெண்ணின் கதைதான். வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம், மேடையில் சேலை, மறுநாள் பாடசாலைச் சீருடை என்று அது தானாக எழுதிக்கொண்டு போகும். எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு எழுதும் கடிதத்திலும் அதே கதைதான் இருக்கிறது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் எழுதிவிட்டதால் அதில் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. முதல் தவணையில் அப்படி ஒரு கட்டுரையை வகுப்பில் வாசித்தபோது விரிவுரையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் வகுப்புக்கு மண்டப வாடகை யார் கொடுக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் பிறகு என் ஆய்வாக வளர்ந்தது.

நடனத்தை ஒரு வேலையாகப் பார்க்கத் தொடங்கினால் அதன் பயணக் கதையே வேறு விதமாகத் தெரிகிறது. நம்மில் பலர், பரதநாட்டியம் சென்னையில் முழுமையடைந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம்மோடு விமானம் ஏறியதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1838ஆம் ஆண்டிலேயே, இன்றைய கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவரும் அவர்களுடைய இசைக் கலைஞர்கள் மூவரும், பிரெஞ்சு வணிகர் ஒருவரோடு புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பலேறினார்கள். பாரிஸின் வரியேத்தே அரங்கிலும், அதன்பின் லண்டனின் அடெல்ஃபி அரங்கிலும் அவர்கள் ஆடினார்கள். அவர்களுள் அம்மணி என்பவரைக் கண்டு வியந்த கவிஞர் தியோஃபில் கோத்தியே அவரைப் பற்றி எழுதினார். பார் என்ற சிற்பி அவரை வெண்கலத்தில் வடித்தார். அவர்கள் காட்டிய உருப்படிகளில் ஒன்றில், ஆடிக்கொண்டே நீண்ட மெல்லிய துணியை முறுக்கி முடிந்து பனைமரமும் அதில் அமர்ந்த புறாக்களுமாக உருவாக்குவார்களாம். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் நமது மார்க்கத்தில், அதாவது கச்சேரி வரிசையில், இப்படியொன்றுக்கு இடமே இல்லை. ஒப்பந்தத்தின்படி கப்பலேறி, அந்நிய நகரத்தின் வாடகை அரங்கில், தம் மொழி புரியாத பார்வையாளர் முன்னால், ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று ஆடிய அந்தப் பெண்களை நம் முன்னோர் வரிசையில் நாம் வைப்பதில்லை. அவர்களுடைய பயணத்தைத்தான் நாமும் தொடர்கிறோம் என்பதை நான் இந்தப் படிப்பில்தான் விளங்கிக்கொண்டேன்.

1904இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில் காட்சிக்காகக் கொண்டுவரப்பட்ட இந்திய ஆடற்கலைஞர்களின் கதையும் இதே வகைதான். அமெரிக்க நவீன நடனத்தின் முன்னோடி என்று போற்றப்படும் ரூத் செயின்ட் டெனிஸ் 1906இல் தயாரித்த ‘ராதா’வுக்குப் பின்னால் அந்தக் காட்சிகளின் தாக்கம் இருந்தது. அவருடைய பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கோனி ஐலண்டில் ஆடியவர்கள் பெயரில்லாமல் மறைந்துபோனார்கள். பரதநாட்டியம் பயின்ற பிரியா ஸ்ரீனிவாசன் அவர்களைப் பழைய ஆவணங்களில் தேடிப் பிடித்து, நடனத்தைக் கடல் கடந்த உழைப்பாகக் காணும் ஆய்வை எழுதினார். குடிவரவுச் சட்டமும் சம்பளமும் வியர்வையும் இல்லாமல் நடன வரலாறு எழுத முடியாது என்பதே அவர் நிலைப்பாடு. பிரித்தானிய நடன நிறுவனங்களில் உழைக்கும் தெற்காசியக் கலைஞர்கள் எதற்கும் வளைந்துகொடுக்கும் உடலோடு இருக்கும்படி எப்படி எதிர்பார்க்கப்படுகிறார்கள் என்பதை அனுஷா கேதர் ஆராய்ந்திருக்கிறார். இவர்கள் இருவரையும் வாசித்த பிறகு, கோடைகாலத்தில் சென்னையிலிருந்து வந்து லண்டன், பாரிஸ், சூரிச் என்று அரங்கேற்றம் அரங்கேற்றமாக ஓடும் மிருதங்கக் கலைஞரின் விசா எனக்கு வெறும் நிர்வாக விடயமாகத் தெரியவில்லை.

ஆடுகிறவரே ஆராயலாமா என்ற ஐயம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. “ஆடத் தெரிந்தவள் ஆடுவாள், ஆடத் தெரியாதவள் எழுதுவாள்” என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. புலம்பெயர் நடன ஆய்வின் தொடக்கத்தைப் பார்த்தால் இது எவ்வளவு பிழையான பேச்சு என்று புரியும். ஆப்பிரிக்க அமெரிக்க நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹாம் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1935இல் ரோசன்வால்ட் நிதியத்தின் உதவியோடு ஜமேக்கா, மார்த்தினிக், டிரினிடாட், ஹைட்டி ஆகிய இடங்களுக்குப் போனார். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் எஞ்சியிருந்த ஆட்டங்களை அங்கே கூட ஆடிக் கற்றுக்கொண்டார். ஹைட்டியின் நடனங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு நூலாக வந்தது. முதுகலைப் பட்டத்தை அவர் முடிக்கவில்லை, மேடை அவரை இழுத்துக்கொண்டது. டிரினிடாட்டில் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்த பேர்ல் பிரைமஸ் எதிர்வழியில் போனார். 1940களிலேயே புகழின் உச்சியில் இருந்த அவர், ஆப்பிரிக்காவில் களப்பணி செய்து, கற்பித்து, ஆடி, கடைசியில் 1978இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது வயது. நாற்பது வயதில் படிக்கப் போவதா என்று தயங்கும் சிநேகிதிகளுக்கு நான் பிரைமஸின் பெயரைத்தான் சொல்வேன்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு இசைப் பக்கத்தில் இருக்கிறது. வீணை தனம்மாளின் பேத்தியான பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடினார். பின்னர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தோடு நீண்டகாலத் தொடர்பு கொண்டிருந்தார். அவருடைய தம்பியரில் ரங்கநாதன் அங்கே மிருதங்கம் கற்பித்தார். புல்லாங்குழல் கலைஞரான இன்னொரு தம்பி விஸ்வநாதன், கற்பித்ததோடு நில்லாமல், அதே பல்கலைக்கழகத்தில் இராக ஆலாபனையைப் பற்றி ஆய்வேடு எழுதிக் கலாநிதியானார். பரம்பரைக் கலைக் குடும்பத்தில் பிறந்து, குருவிடம் கேட்டுக் கேட்டே கற்ற ஒருவர், தான் ஆயிரம் முறை செய்த ஒன்றை எப்படிச் செய்கிறோம் என்று தாளில் விளக்கியிருக்கிறார். தம் கலையை ஒரு வெள்ளைக்காரர் வந்து விளக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. பட்டம் அவரை வித்துவானாக்கியதில்லை. வித்துவானாக இருந்ததால்தான் அந்த ஆய்வேட்டை எழுத முடிந்தது.

பிரித்தானியாவில் இந்தத் துறைக்கு ஒரு தடம் உண்டு. 1979இல் தாரா ராஜ்குமார் தொடங்கிய ‘அக்கடமி’ என்ற தெற்காசிய நடன அமைப்பு, பாரதிய வித்யா பவனின் லண்டன் மையம் போன்றவை கற்பித்தலுக்கும் மேடைக்கும் அடித்தளம் போட்டன. 1990களின் இறுதியில் மானிடவியலாளர் ஆந்ரே கிரோவின் தலைமையில் ரோஹாம்ப்டனில் பிரித்தானியத் தெற்காசிய நடனத்தைப் பற்றிய விரிவான ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. 2000களின் நடுப்பகுதியில் அதே ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் அவந்தி மெதூரியின் வழிகாட்டலில் தெற்காசிய நடனத்துக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பும் இருந்தது. லண்டன், லெஸ்டர் நகரங்களின் இந்துச் சமூகங்களில் நடனத்துக்கு உள்ள இடத்தை ஆன் டேவிட் ஆராய்ந்தபோது தமிழ்க் கோவில்களும் அதற்குள் வந்தன. இன்று பெரும்பாலும் பொதுவான நடன முதுகலைக்குள் நாமே நம் பாதையை வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடையில் ஒன்று: சென்னையில் பிறந்து 1988இல் லண்டனில் தம் நடன நிறுவனத்தைத் தொடங்கிய ஷோபனா ஜெயசிங் முதுகலைப் படிப்பில் எடுத்துக்கொண்டது நடனத்தை அன்று, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தை. அது அவருடைய ஆக்கங்களுக்குக் குறைவு எதையும் உண்டாக்கவில்லை.

ஈழத்தவளான எனக்கு இந்தப் படிப்பு தந்த பெரிய அதிர்ச்சி யாழ்ப்பாணத்தைப் பற்றியது. புலம்பெயர்வு லண்டனில் தொடங்குகிறது என்ற எண்ணத்தோடுதான் நான் போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் கோவில் திருவிழாக்களில் சின்னமேளம் என்ற பெயரில் ஆடற்பெண்கள் ஆடினார்கள். நல்லூரில் அது நடப்பதை ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். அந்தப் பெண்கள் மெல்ல மெல்லக் காட்சியிலிருந்து அகற்றப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில், சென்னையில் உயர்குடிப் பெண்கள் கற்கத்தக்கதாக மாற்றப்பட்ட பரதநாட்டியம், அங்கே போய்ப் படித்துத் திரும்பியவர்களோடு கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழியாகப் பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆனது. ஆக, என் அம்மம்மா காலத்துக்குப் பிறகு வந்த ஒன்றைத்தான் ‘எங்கள் பாரம்பரியம்’ என்று நாங்கள் பெட்டியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அதே காலத்தில், பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிப் புத்துயிர் கொடுத்த வடமோடி, தென்மோடி என்னும் நாட்டுக்கூத்துகளை நாம் அந்தப் பெட்டியில் வைக்கவில்லை. அவரோடு ஆடியவரும், பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவருமான மௌனகுரு, ஆடுகிறவரே ஆராயலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று. கூத்துக்குச் சோதனைத் தரங்கள் இல்லை, அரங்கேற்ற மண்டபம் இல்லை, திருமண அழைப்பிதழில் போடத்தக்க மதிப்பும் இல்லை. அதனால்தான் அது பின்தங்கியது என்பது என் கணிப்பு. இதற்கு மாறாக, ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன் தீவுக்குப் போனவர்கள் தெருக்கூத்தின் ஒரு வடிவத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள்; அங்கே அதற்கு ‘பால் தமூல்’ என்று பெயர். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் ‘நாத்ரோன்’ என்ற பெயரில் அதன் உறவு ஒன்று இருக்கிறது. எந்த வர்க்கத்தவர் எந்தச் சூழலில் கப்பலேறினார்களோ அதற்கேற்ற ஆட்டம்தான் கூடவே போயிருக்கிறது.

இனி என் ஆய்வேட்டுக்கு வருகிறேன். அதன் பொருள் தரை. வகுப்பு நடக்கும் மண்டபத் தரை. யாழ்ப்பாணத்தில் நான் சீமெந்துத் தரையில் கற்றேன். பாதம் முழுதாகப் பதிந்து விழும்போது ‘தட்’ என்று ஒரு சத்தம் வரும், ரீச்சர் திரும்பிப் பார்க்காமலே யாருடைய கால் பிந்துகிறது என்று சொல்லிவிடுவார். லண்டனில் நான் கற்பிக்கும் இடங்களில் ஒன்று தேவாலய மண்டபம், மெல்லிய கம்பளம் விரித்தது. இன்னொன்று பாடசாலை உடற்பயிற்சிக் கூடம்; அங்கே சலங்கை மணி தரையைக் கீறிவிடும் என்பதால் சலங்கை கட்டக் கூடாது என்று காவலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். மூன்றாவது, சமூக நிலையத்தின் மேல்மாடி. கீழே முதியோருக்கான யோகா நடப்பதால் நாங்கள் உரக்கத் தட்டக் கூடாது. பலே (ballet) நடனம் கற்கும் பிள்ளைகளுக்கு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மிதப்புத் தரை வேண்டும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். எங்களுக்கு என்ன தரை வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

ஒரே பிள்ளைகளை, நாட்டடவு என்ற ஒரே அடிப்படை அடவை, இந்த மூன்று தரைகளிலும் ஆடவைத்துப் படம்பிடித்து, பிறகு மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். கம்பளத்தில் சத்தம் திரும்பி வராததால் பிள்ளைகள் தம்மை அறியாமலே காலை இன்னும் உயரத் தூக்கி ஓங்கித் தட்டுகிறார்கள். மூன்றாம் காலத்துக்கு, அதாவது மிக விரைவான வேகத்துக்கு, வரும்போது அந்த உயரத்துக்கு நேரம் போதாமல், முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி எழும்பிவிடுகிறது. மேல்மாடியில் மெல்லத் தட்டப் பழகியவர்கள் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகால் பிந்துகிறது. இத்தனை வருடமும் “அரைமண்டியில இரு, இரு” என்று நான் சத்தம்போட்டதில் ஒரு பகுதி தரைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. ஒளிப்பதிவில் இன்னொன்றும் தெரிந்தது: கம்பளத்தில் என் தட்டுக்கழியின் ஓசை மற்ற இடங்களைவிடக் கூடுதல் உரத்து விழுகிறது. பிள்ளைகளின் காலிலிருந்து வராத சத்தத்தை நான் கையால் ஈடுசெய்துகொண்டிருந்திருக்கிறேன்.

தரையிலிருந்து தொடங்கினால் நேரத்துக்கு வருவோம். மண்டபம் மணிக்கணக்கில் வாடகைக்கு வருவதால் வகுப்பும் மணிக்கணக்கில் வெட்டப்படுகிறது. தரம் தரமாகப் பிள்ளைகள் உள்ளே வந்து வெளியே போகிறார்கள். மூத்த மாணவியர் ஆடுவதைச் சுவரோரம் இருந்து பார்த்துக் கற்கும் வழக்கம் அப்படித்தான் போனது. அபிநயம் கற்க வேண்டியது அங்கேதான். அதை ஈடுகட்டக் காணொளி அனுப்புகிறோம். பிள்ளை அதைக் கைபேசியில் பார்த்து, கண்ணாடிப் பிம்பம்போல இடம் வலம் மாற்றிக் கற்றுக்கொண்டு வருகிறது. இவையெல்லாம் எல்லா ஆசிரியைகளுக்கும் தெரிந்தவை. தாயகத்தில் இருந்த ஒன்று இங்கே குறைந்துபோனதாகப் புலம்புவதற்குப் பதிலாக, குறிப்பிட்ட வாடகை, குறிப்பிட்ட தரை, குறிப்பிட்ட நேர அட்டவணை ஆகியவை சேர்ந்து லண்டன் பரதநாட்டியம் என்று ஒன்றை உருவாக்கியிருக்கின்றன என்று சான்றோடு எழுதும் பழக்கத்தைத்தான் பல்கலைக்கழகம் எனக்குத் தந்தது.

சொந்த மாணவியரையே ஆய்வுக்கு உட்படுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வு ஒழுக்கவியல் குழுவின் அனுமதியில்லாமல் எதுவும் தொடங்க முடியாது. சிறுவர்கள் என்றால் பெற்றோரின் கையொப்பமும் பிள்ளையின் சம்மதமும் தனித்தனியாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் எந்தப் பாதிப்பும் வராது என்று படிவத்தில் எழுதியிருக்கும். ஒரு தாய் அதை வாசிக்காமலே, “ரீச்சர், நீங்க சொன்னாச் சரிதானே, எந்த இடத்தில கையெழுத்து வைக்க வேணும்?” என்று கேட்டார். பதின்மூன்று வயதுப் பிள்ளையோ முழுவதையும் வாசித்துவிட்டு, “நான் வேண்டாம் எண்டு சொன்னா சலங்கைப் பூசைக்கு என்னை விடுவீங்களா ரீச்சர்?” என்றாள். படிவத்தில் எழுதியிருப்பது குரு–சிஷ்ய உறவுக்குள் எவ்வளவு தூரம் உண்மையாகும் என்ற கேள்வியை அவளைவிடத் தெளிவாக எந்த நூலும் என்னிடம் கேட்கவில்லை. அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, சலங்கைப் பூசைப் பட்டியலை அவளுக்கு முன்னாலேயே எழுதினேன். ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம் இந்த அதிகார உறவைப் பற்றியதாக மாறியது. பரிசோதகர்கள் தரையைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கையாலும் வாயாலும் விளக்கிப் பழகியவர்கள். “இப்படி, இப்படி” என்று காட்டினால் முடிந்துவிடும் ஒன்றை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும் என்றால் முதலில் கோபம்தான் வரும். ஆற்றுகையையே ஆய்வாகச் சமர்ப்பிக்கும் வழி பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஆனாலும் ஆடி முடித்தவுடன் போக விடமாட்டார்கள், எழுத்து விளக்கம் கூடவே வேண்டும். எனக்கு உதவியது வகுப்பு முடிந்து காருக்குள் இருந்து குரற்பதிவு செய்துகொண்டதுதான். தமிழும் ஆங்கிலமும் ஜதியும் கலந்த அந்தப் பதிவுகளைக் கேட்டு எழுதியபோது என் நடை உயிரோடு இருந்தது. நூலகத்தில் குந்தியிருந்து எழுதியவை எல்லாம் பிறருடைய சொற்கள்.

செலவையும் நேரத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் முதுகலை என்பது 180 திறமைப்புள்ளிகள் (credits). ஒரு புள்ளிக்குப் பத்து மணிநேர வேலை என்ற கணக்கில் 1,800 மணிநேரம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஆய்வேடு. பகுதிநேரம் என்றால் பொதுவாக இரண்டு ஆண்டுகள். 2016இல் தொடங்கிய அரசு முதுகலைக் கடன், தகுதியுள்ளவர்களுக்கு முதலில் 10,000 பவுணாக இருந்தது, பின்னர் கூடியது. ஆண்டு வருமானத்தில் 21,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியில் ஆறு விழுக்காடு திருப்பிக் கட்ட வேண்டும். இந்தப் பட்டத்தால் வகுப்புக் கட்டணத்தை உயர்த்த முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். பெற்றோர் பார்ப்பது பிள்ளையின் சோதனைப் பெறுபேற்றை. கோடை அரங்கேற்றப் பருவமும் ஆய்வேட்டுக் காலமும் ஒன்றாக வந்து விழும் என்பதை மட்டும் முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். சேருமுன் துறைத் தலைவரிடம் கேட்க வேண்டியது, உங்கள் மேற்பார்வையாளர் பரதநாட்டியம் அறிந்தவரா என்பதைவிட, தொழில் அனுபவத்துக்குப் புள்ளிகள் தருவார்களா, மாலை வகுப்புகள் உண்டா, சொந்த வகுப்பைக் களமாக ஏற்பார்களா என்பவைதான். மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம் தொழிலில் இருப்பவர்களுக்கென்றே முதுகலைப் படிப்பை வடிவமைத்து முன் அனுபவத்தையும் கணக்கில் எடுத்தது. அப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

வகுப்பில் என்ன மாறியது என்று கேட்பவர்களுக்கு: அடவு மாறவில்லை, அறிமுறைப் பாடம் மாறியது. சோதனைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் குறிப்புகளில், பரதநாட்டியம் இரண்டாயிரம் வருடப் பழமையானது, கோவிலில் பிறந்தது, இடையில் சீரழிந்தது, பிறகு மீட்கப்பட்டது என்று நாலு வரி இருக்கும். அந்தச் ‘சீரழிந்தது’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை குடும்பங்கள் அடக்கம் என்பது இப்போது எனக்குத் தெரியும். நாம் ஆடும் மார்க்கத்தை ஒழுங்குபடுத்திய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் யார், அவர்களுடைய சந்ததியான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை யாருக்கெல்லாம் கற்பித்தார், 1947இல் சென்னை மாகாணத்தில் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு பரம்பரையாக ஆடிவந்த பெண்களுக்கு மேடை எப்படி இல்லாமல் போனது என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்ல முடியும், நான் சொல்கிறேன். “ரீச்சர், இது சோதினைக்கு வருமா?” என்று கேட்பார்கள். வராது. வினாத்தாளில் இன்னும் அந்தப் பழைய நாலு வரிதான் வருகிறது. ஆகவே இரண்டையும் படிப்பிக்கிறேன்: தாளில் எழுத வேண்டியதை ஒரு நிறத்திலும், நடந்ததை இன்னொரு நிறத்திலும் கொப்பியில் எழுதச் சொல்கிறேன். சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். ஒருவர் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றினார்.

இப்போது என் கையில் இருப்பது வீஎச்எஸ் நாடாக்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து லண்டனில் நடந்த அரங்கேற்றங்கள், கோவில் விழாக்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்கள் எல்லாம் எங்கள் வீடுகளின் பரண்களில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. பிரித்தானியத் தமிழரின் நடன வரலாற்றுக்கு இதைவிட நேரடியான ஆவணம் வேறில்லை. எந்தத் தரையில் ஆடினார்கள் என்பதுகூட அவற்றில் தெரியும். ஆய்வேடு முடிந்த பிறகு தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தேன். ஒரு பை நிறைய வந்து சேர்ந்தது. இலக்கமுறைக்கு மாற்றுவது பணம் சம்பந்தப்பட்ட வேலை, எப்படியோ செய்துவிடலாம். ஆடிய பெண்கள் இப்போது நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள், அவர்களைக் கண்டுபிடித்து அனுமதி கேட்பதும் நடக்கும். பாடியவரும் வயலின் வாசித்தவரும் மிருதங்கக்காரரும் அன்று மாலைக்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு மறுநாள் அடுத்த ஊருக்குப் போனவர்கள். நாடாவின் உறையில் பிள்ளையின் பெயரும் திகதியும் மண்டபத்தின் பெயரும் மட்டும் இருக்கின்றன, அவர்களுடைய பெயர்கள் இல்லை. பழைய அழைப்பிதழ்களை வைத்திருப்பவர்களிடம் இப்போது அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.